கால் தவறியதா, படி தவறியதா?

நம் செய்தித்தாள்களில் ஒரு வாக்கியம் அச்சு மாறாமல் வந்துகொண்டே இருக்கிறது: 'மாடியிலிருந்து தவறி விழுந்த தொழிலாளி பலி.' ஊர் மாறும், வயது மாறும், 'தவறி' மட்டும் மாறாது. மருத்துவமனைச் சீட்டிலும் முதல் தகவல் அறிக்கையிலும் அதே சொல்தான். விழுந்தவர் தவறினார், எனவே தவறு அவருடையது. படியைக் கட்டியவரும் கட்டச் சொன்னவரும் அந்த வாக்கியத்துக்குள் வருவதே இல்லை.

என் அம்மாயியும் அப்படித்தான் 'தவறி' விழுந்தார். காரைக்குடிப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் முப்பது ஆண்டுக்கு மேல் பாத்திரம் துலக்கி, துணி துவைத்து, வாசல் தெளித்தவர். ஓர் ஐப்பசி மாதத்தில், மொட்டை மாடியில் காயப்போட்ட துணியையெல்லாம் மழை வருகிறதென்று இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு, வீட்டின் பின்புறம் இருந்த வெளிப்படியில் இறங்கியிருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்தது. அதன்பின் அவர் வேலைக்குப் போகவில்லை, தடியில்லாமல் நடக்கவும் இல்லை. அந்த வீட்டு ஆச்சி கொடுமைக்காரர் அல்லர். ஆட்டோவுக்குப் பணம் கொடுத்தார், முதல் நாள் செலவைப் பார்த்துக்கொண்டார். "பாத்து இறங்கியிருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டார். அம்மாயியும் சாகும்வரை அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்: "நாந்தான் பாக்காமக் கால வச்சுட்டேன்."

எது வீட்டின் பெயர் என்பது இங்கே முக்கியமில்லை. ஒரு வீட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் இதை எழுதவில்லை. அந்தப் படி அங்கே ஏன் இருந்தது என்பதுதான் என் கேள்வி.

டேப்பை எடுத்துக்கொண்டு போனேன்

வீடுகளும் சாதியும் பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வுக்காகச் சில ஆண்டுகள் கழித்து அதே வீட்டுக்குப் போனேன். பங்காளிகளுக்குள் பிரிந்து, பாதி பூட்டிக் கிடந்தது. காவலுக்கு இருந்தவர் பின்கட்டுக் கதவைத் திறந்துவிட்டார். படியை ஒவ்வொன்றாக அளந்தேன்.

மொத்தம் 13 படிகள். ஒவ்வொரு படியின் உயரமும் 22 முதல் 25 சென்டிமீட்டர் வரை ஏறி இறங்கியது. மேலிருந்து முதல் படி மட்டும் 28. கால் வைக்கும் இடத்தின் அகலம் 20 சென்டிமீட்டர்; வளர்ந்த ஒருவரின் பாதம் முழுதாக அதில் அமராது. ஒரு பக்கம் சுவர். மறுபக்கம் ஒன்றுமில்லை. கைப்பிடி கிடையாது, விளக்கு கிடையாது. மாடிக் கதவைத் திறந்தால் நின்று திரும்ப ஒரு மேடைகூட இல்லை, நேராகப் படிதான். மழைக்காலப் பாசி கறுப்பாகக் காய்ந்து ஒட்டியிருந்தது.

இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, குடியிருப்புகளில் படியின் உயரம் 19 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, கால் வைக்கும் அகலம் 25 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. பழைய வீடுகள் அந்த விதிக்கு முந்தியவை, அதற்காக அவற்றைத் தண்டிக்க முடியாது என்பது சரிதான். ஆனால் கால் எந்த நூற்றாண்டிலும் கால்தான்.

உயரத்தைவிட மோசமானது ஒழுங்கின்மை. இரண்டு மூன்று படி இறங்கியதும் நம் கால் அந்த உயரத்தை மனப்பாடம் செய்துகொள்கிறது. அடுத்த படியைக் கண் பார்ப்பதில்லை, கால் நம்புகிறது. அமெரிக்கக் கட்டட விதிகள் ஒரே வரிசைப் படிகளுக்குள் உயர வேறுபாடு 9.5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று வைத்திருப்பது இதனால்தான். அம்மாயி இறங்கிய படியில் வேறுபாடு 6 சென்டிமீட்டர். அதுவும் இறங்கத் தொடங்கும் முதல் அடியிலேயே.

அந்த 28 எப்படி வந்தது? உயரத்தைச் சமமாகப் பிரித்தால் இரட்டைப்படையில் 14 வந்திருக்கும். நம் ஊரில் படி ஒற்றைப்படையில்தான் வர வேண்டும். 'இலாபம், நட்டம், இலாபம்' என்று எண்ணிக்கொண்டே போய் இலாபத்தில் முடிக்க வேண்டும். அதனால் மிஞ்சிய உயரத்தைக் கடைசிப் படியின் தலையில் கட்டிவிட்டார்கள் என்பது என் ஊகம். ஊகம்தான், ஆனால் நம் கொத்தனார்கள் எவரைக் கேட்டாலும் இப்படி 'அட்ஜஸ்ட்' செய்த கதை ஒன்றாவது கிடைக்கும். வாஸ்து இலாபத்தைப் பார்த்துக்கொண்டது. நட்டம் ஏறி இறங்கியவருக்கு.

வெளிப்படி ஏன் வெளியே இருக்கிறது?

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றிய ரீல்ஸ்களைப் பார்த்திருப்பீர்கள். பர்மாத் தேக்குத் தூண், இத்தாலியப் பளிங்கு, ஆத்தங்குடிக் கல். 2014இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுப்புகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் ஏறின. கேமரா எப்போதும் முகப்பில் நுழைந்து வளவைச் சுற்றி மேலே வானத்தைக் காட்டி முடிகிறது. பின்கட்டுக்கு அது போவதில்லை.

அந்த வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி, பின்வாசல். யார் எந்த வாசலில் வரலாம், எந்தக் கட்டு வரை வரலாம் என்பது கட்டட வரைபடத்தில் எழுதப்படாத, ஆனால் எல்லோருக்கும் மனப்பாடமான வரைபடம். அம்மாயிக்கு அது தெரியும். வீட்டுக்குள்ளே மாடிக்குப் போக மரப்படி ஒன்று இருந்தது. மழை நனையாத, இருபக்கமும் சுவர் உள்ள படி. முப்பது ஆண்டில் ஒருமுறைகூட அம்மாயி அதில் ஏறியதில்லை. "அது சாமி ரூமத் தாண்டிப் போகணும்ல" என்றார் ஒருநாள், அதில் விளக்க எதுவுமே இல்லை என்பதுபோல.

ஆக, அவர் விழுந்த படி ஒரு தேவைக்காகக் கட்டப்பட்டது. மாடி வேலை நடக்க வேண்டும், வேலை செய்பவர் உள்ளே வரக் கூடாது. இந்த இரண்டையும் ஒருசேரச் சாதிக்கக் கிடைத்த வழிதான் வெளிப்படி. இடமில்லாத சந்தில் வைத்ததால் செங்குத்தானது. வெளியே வைத்ததால் நனைந்தது. வேலைக்காரர் மட்டுமே ஏறுவதால் கைப்பிடி தேவைப்படவில்லை.

செட்டிநாட்டைவிட்டு வெளியே போனாலும் இதே தர்க்கம் காத்திருக்கிறது. கொல்கத்தாவின் பழைய வீடுகளின் பின்சந்துகளில் இரும்புச் சுழற்படிகள் இன்னும் துருவேறி நிற்கின்றன. மாடிக் கழிப்பறைக்குத் துப்புரவுத் தொழிலாளி வீட்டுக்குள் கால் வைக்காமல் போய்வர அமைத்தவை அவை. சுழற்படியின் உட்பக்கம் கால் விரல் வைக்கவும் இடமிருக்காது. அதில் மலம் நிறைந்த வாளியோடு ஒருவர் இறங்கினார். கையால் மலமள்ளுவதைத் தடைசெய்ய 1993இலும் 2013இலும் சட்டங்கள் வந்தன. படிகள் இன்று 'பழைய கொல்கத்தாவின் அழகு' என்று புகைப்படமாகின்றன.

எல்லா வெளிப்படியும் சாதிப்படி என்று நான் சொல்லவில்லை. அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் வெளிப்படி வரும், மாடியை வாடகைக்கு விட்டால் வெளிப்படி வரும், கீழே இடம் போதாவிட்டாலும் வரும். ஆனால் 'மாடிக்குத் தனி வழி இருக்கு, நம்ம வீட்டுக்குள்ள யாரும் வர வேண்டியதில்ல' என்று வீட்டு உரிமையாளர் பெருமையோடு சொல்லும்போது, அந்த 'யாரும்' யார் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. வாடகைக்கு வீடு தேடி, மூன்றாவது கேள்வியிலேயே சாதி கேட்கப்பட்ட அனுபவம் உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1920 சனவரி 31 அன்று வெளிவந்த 'மூக்நாயக்' முதல் இதழில் அம்பேத்கர் இந்துச் சமூகத்தைப் படிக்கட்டே இல்லாத பலமாடிக் கோபுரத்துக்கு ஒப்பிட்டார். ஒரு மாடியில் பிறந்தவர் அங்கேயே சாக வேண்டும். அந்த உவமை இன்றும் பொய்யாகவில்லை. ஆனால் மேல்மாடிக்காரருக்குத் துணி துவைக்கவும் தொட்டி கழுவவும் கீழ்மாடியிலிருந்து ஆள் போய்த்தான் ஆக வேண்டியிருக்கிறது. அதற்கென்று ஒரு படியை வெளியே மாட்டியிருக்கிறார்கள். அது மேலே போய்த் தங்குவதற்கான படி அல்ல. வேலை முடித்து இறங்குவதற்கான படி.

எதை அளப்பது, யாரை வைத்து அளப்பது

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம். இதில் 80 விழுக்காட்டுக்கும் மேல் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் நடக்கிறது. சாலை விபத்துக்கு நம்மிடம் ஹெல்மெட், வேகக் கட்டுப்பாடு, அபராதம் என்று ஒரு மொழி இருக்கிறது. விழுவதற்கு 'பார்த்துப் போ' மட்டும்தான் இருக்கிறது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2006இல் வீட்டு ஆபத்துகளை மதிப்பிட ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். 29 வகை ஆபத்துகள். படிகளில் விழுவது அதில் தனி வகை. அந்த முறையில் என்னைக் கவர்ந்தது ஒன்று. இப்போது அந்த வீட்டில் யார் இருக்கிறார் என்பதை வைத்து ஆபத்தை அளப்பதில்லை. அந்த ஆபத்தால் அதிகம் பாதிக்கப்படக்கூடியவர் அங்கே இருந்தால் என்னவாகும் என்று அளக்கிறார்கள். படிகளுக்கு அந்த 'அளவுகோல் மனிதர்' 60 வயதைக் கடந்தவர். 'எங்க வீட்டுல எல்லாரும் இளவட்டம், ஒண்ணும் ஆகாது' என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

நல்ல முறை. ஆனால் அது வயதோடு நின்றுவிடுகிறது. நம் மண்ணில் ஒரு வெளிப்படியை மதிப்பிட வேண்டுமானால் டேப்போடு இன்னும் நான்கு கேள்விகளையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

முதல் கேள்வி, யார் ஏறுகிறார்கள்? வீட்டுக்காரர் ஆண்டுக்கு இருமுறை பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மாடியைப் பார்க்க ஏறுவார். வேலை செய்பவர் நாளுக்கு ஆறுமுறை ஏறி இறங்குவார். ஆபத்து இருவருக்கும் ஒன்றல்ல.

இரண்டாவது, கையில் என்ன இருக்கிறது? நிரம்பிய சமையல் எரிவாயு உருளை ஏறக்குறைய 30 கிலோ. ஈரத்துணி வாளி, தண்ணீர்க் குடம், சின்டெக்ஸ் தொட்டி கழுவும் சாமான்கள். கை நிறையச் சுமையோடு வருபவருக்குக் கைப்பிடி இருந்தாலும் பாதிதான் பயன். சுமை தூக்கும் கையைச் சாதி எப்படிக் கண்காணித்தது என்பதற்கு இந்த வட்டாரத்திலேயே சான்று இருக்கிறது. 1930-31இல் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர் மீது விதித்த தடைகளை ஜே.எச். ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். நகை கூடாது, முழங்காலுக்குக் கீழே உடை கூடாது என்பவற்றோடு, பெண்கள் மண்குடத்தில்தான் தண்ணீர் சுமக்க வேண்டும், சும்மாட்டுக்குத் துணி கூடாது, வைக்கோல்தான் என்பதும் அதில் ஒன்று. வழுக்கும் குடத்தை வழுக்கும் சும்மாட்டில் சுமக்க வைத்தார்கள்.

மூன்றாவது, எப்போது? காலை ஐந்தரைக்கு விளக்கில்லாத படியும், நண்பகலில் அதே படியும் வேறு வேறு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் பாசி பிடித்த படியைச் சித்திரையில் போய் ஆய்வு செய்து 'சரியாக இருக்கிறது' என்று எழுதினால் அது ஆய்வல்ல.

நான்காவது, உள்ளே படி இருந்தும் இவர் ஏன் வெளிப்படியில் ஏறுகிறார்? எந்தப் பொறியாளரின் படிவத்திலும் இந்தக் கேள்வி இல்லை. ஆனால் மற்ற மூன்றுக்கும் விடை இதற்குள்தான் இருக்கிறது.

சட்டம் நிற்கும் வாசல்

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 32ஆம் பிரிவு, தொழிற்சாலையின் படிகள் உறுதியாக இருக்க வேண்டும், வழுக்கக் கூடாது, தேவையான இடத்தில் வலுவான கைப்பிடி வேண்டும் என்றது. விடுதலைக்கு அடுத்த ஆண்டே இந்தியா இதை எழுத முடிந்தது. ஆனால் வீடு தொழிற்சாலை ஆகாது. அம்மாயி முப்பது ஆண்டு வேலை செய்த இடம் சட்டத்தின் கண்ணில் பணியிடமே இல்லை.

வீட்டுப் பணியாளருக்குப் பாதுகாப்பான பணியிடம் உரிமை என்று சொல்லும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை 2011இல் வந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்புறுதி செய்யவில்லை. தமிழ்நாட்டில் 2007 முதல் வீட்டுப் பணியாளர் நலவாரியம் இருக்கிறது. அது அரிய சாதனைதான். ஆனால் வாரியம் விழுந்தபின் உதவித்தொகை தரும், அதுவும் பதிவு செய்திருந்தால். விழும் முன் படியைப் பார்க்க அது வராது.

பார்க்க வேண்டியவர்கள் பார்க்காதபோது என்னவாகும் என்பதற்கு 2019 டிசம்பர் 2 சாட்சி. மேட்டுப்பாளையம் நடூரில் அதிகாலை மழையில் சுமார் 20 அடி உயரச் சுற்றுச்சுவர் ஆதிதிராவிடர் குடியிருப்பின் மேல் சரிந்து 17 பேர் இறந்தார்கள். அந்தச் சுவர் ஆபத்து என்று மக்கள் முன்பே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது படியல்ல, சுவர்தான். ஆனால் பிறப்புக் காரணம் ஒன்றே. கண்ணில் படக் கூடாது, உள்ளே வரக் கூடாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் அரசு கட்டிய 24 வீடுகள் கொண்ட குடியிருப்பு இடிந்து விழுந்தது. ஒருவரும் சாகவில்லை. விரிசலைக் கண்டதும் மக்கள் வெளியேறியிருந்தார்கள். ஆபத்தை முதலில் மதிப்பிடுவது அதில் வாழ்பவரின் கண்தான். அந்தக் கண்ணை நம்பினால் உயிர் பிழைக்கிறது. நம்பாவிட்டால் 'தவறி' என்று எழுதுகிறோம்.

என்ன செய்யலாம்

ஓர் எச்சரிக்கையோடு தொடங்குகிறேன். 'பாதுகாப்பற்றது' என்ற முத்திரை ஏழைகளின் கையில் இருக்கும் இடத்தைப் பிடுங்கும் கருவியாக இங்கே பயன்பட்டிருக்கிறது. 2015 வெள்ளத்துக்குப் பின் சென்னை ஆற்றங்கரை மக்களைப் பெரும்பாக்கத்துக்கு அள்ளிக்கொண்டு போனதை நாம் மறக்கவில்லை. படி சரியில்லை என்று குடியிருப்பவரைக் காலிசெய்வதும், 'இனி நீ மாடிக்கு ஏற வேண்டாம்' என்று வேலையைவிட்டு நிறுத்துவதும் தீர்வாகாது. படியைத் திருத்த வேண்டும், மனிதரை அல்ல.

காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆகியிருக்கிறது. பழைய வீடுகள் தங்கும் விடுதிகளாகவும் ஹோம்ஸ்டேக்களாகவும் மாறிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு உரிமம் தரும்போது விருந்தினர் ஏறும் படியோடு, படுக்கை விரிப்பைச் சுமக்கும் தொழிலாளி ஏறும் படியையும் பார்க்க வேண்டும். மரபைக் காக்க வருபவர்கள் தூணையும் தளத்தையும் ஆவணப்படுத்துவதுபோலப் பின்படியையும் ஆவணப்படுத்த வேண்டும். அதுவும் மரபுதான், அதை மறைப்பது வரலாற்றுத் திருட்டு.

நம் காலனிகளின் கதை வேறு. பல தொகுப்பு வீடுகளுக்கு வெளிப்படி, உள்படி எதுவுமே கட்டப்படவில்லை. தளம் ஒழுகினால் மூங்கில் ஏணி சாத்தி ஏறுகிறோம். பின்னால் கைக்காசில் நாமே கட்டும் படிக்குக் கம்பியும் சிமெண்டும் வாங்கவே பணம் தீர்ந்துவிடுகிறது, கைப்பிடி 'அப்புறம்' ஆகிறது. பழைய ஊரக வீடுகளைப் பழுதுபார்க்க அரசு ஒதுக்கும் நிதியில் படியும் கைப்பிடியும் தனி இனமாக வர வேண்டும்.

நலவாரியப் பதிவோடு ஓர் எளிய உரிமையும் வேண்டும். வேலை செய்யும் வீட்டின் படி ஆபத்தானது என்று பெயர் வெளியே தெரியாமல் சொல்ல ஓர் இடம்.

இவையெல்லாம் நடக்கும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. இரட்டைக் குவளையை, சுடுகாட்டுப் பாதையைக் கணக்கெடுக்க நம் இயக்கங்களுக்குத் தெரியும். வெளிப்படியையும் கணக்கெடுப்போம். ஒரு டேப் போதும். உயரம், அகலம், ஒழுங்கு, கைப்பிடி, வெளிச்சம், வழுக்கல். அதோடு அந்த நான்கு கேள்விகள். பாசியைச் சுரண்டச் செலவில்லை. ஒரு விளக்கு மாட்ட அரை மணி நேரம். இரும்புக் குழாயில் கைப்பிடி வைக்க வெல்டருக்கு ஒருநாள் வேலை. உங்கள் வீட்டில் வேலைக்கு ஆள் வருகிறார் என்றால் அதைவிடவும் எளிய தீர்வு ஒன்று இருக்கிறது: உள்படியைத் திறந்துவிடுங்கள்.

அப்படிச் செய்தால் பயன் அம்மாயிகளுக்கு மட்டுமல்ல. பிள்ளைகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட, பெரிய வீடுகளில் தனியாக மூப்படையும் ஆச்சிகளும் படியில் விழுகிறார்கள். விழுந்த ஆச்சியைத் தூக்க ஆள் வேண்டும். அந்த ஆள் பின்சந்து சுற்றி வருவதற்குள் நேரமாகிவிடும்.

இனி ஒரு செய்தி எழுதும்போது, ஒரு படிவம் நிரப்பும்போது, 'தவறி விழுந்தார்' என்று எழுதும் முன் படியைப் போய்ப் பாருங்கள். 'கைப்பிடியில்லாத படியிலிருந்து விழுந்தார்' என்று எழுதுங்கள். ஒரு சொல்தான் கூடுதல்.

நான் அந்தப் படியை அளந்தபோது அம்மாயி உயிரோடு இல்லை. அவர் பார்க்காமல் கால் வைக்கவில்லை, படிதான் 28 சென்டிமீட்டர் இருந்தது என்று அவரிடம் சொல்ல முடியாமல் போய்விட்டது. இன்றும் ஏதோ ஒரு பின்கட்டில் ஒருவர் அதே படியில் வாளியோடு இறங்கிக்கொண்டிருக்கிறார். அவரிடம் சொல்ல இன்னும் நேரமிருக்கிறது.